படம் மட்டும் போதாது, எண்களையும் கொடுங்கள்

ஓர் ஊருக்குப் பக்கத்தில் புதிய அனல்மின் நிலையம் வரப்போகிறது என்றால், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அங்கே மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தாக வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, வரைவு அறிக்கையை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகங்களிலும் மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். பல நூறு பக்க ஆங்கில அறிக்கை அது. தமிழில் கிடைப்பது அதன் சுருக்கம் மட்டும். அந்தப் பக்கங்களைப் புரட்டும் ஊர்க்காரர், மொழியின் துணையில்லாமல் தன் ஊரைத் தானே கண்டுகொள்ளக்கூடிய இடங்களில் ஒன்று காற்று மாசு வரைபடம். ஆலையை நடுவில் வைத்துப் பொதுவாக 10 கிலோமீட்டர் ஆரத்துக்கு வரைந்திருப்பார்கள். புகைபோக்கியிலிருந்து காற்று வீசும் பக்கமாக சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பட்டைகள் விரியும். தன் ஊர் நீலத்தில் இருந்தால் அவருக்கு நிம்மதி, சிவப்பில் இருந்தால் கலக்கம். அந்தப் படம் யாரும் அளந்து வரைந்ததல்ல. இன்னும் கட்டப்படாத ஆலையின் புகையைக் கணினி மாதிரி ஒன்று கணக்கிட்டு எண்களாகத் தர, வேறொரு மென்பொருள் அந்த எண்களுக்கு நிறம் பூசியிருக்கிறது. பெரும்பாலான அறிக்கைகளில் மக்கள் கைக்கு வருவது இந்தப் படமும், உச்ச அளவுகளைச் சொல்லும் சிறு அட்டவணையும்தான். அடியில் உள்ள எண்கள் வருவதில்லை. அந்த எண்களும், அவற்றை உண்டாக்கிய உள்ளீடுகளும் படத்தோடு சேர்ந்து பொதுவெளிக்கு வருவதைச் சட்டப்படியான கடமையாக்க வேண்டும் என்பதே என் வாதம்.

படம் உருவாகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இந்தக் கோரிக்கையின் காரணம் புரியும். இந்திய அறிக்கைகளில் பரவலாகப் பயன்படும் மாதிரி ஏர்மாட். அமெரிக்க வானிலையியல் சங்கமும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து 1991-இல் தொடங்கிய முயற்சியில் பிறந்து, 2005-இல் அங்கே அதிகாரபூர்வ மாதிரியாக ஏற்கப்பட்டது. புகைபோக்கியின் உயரம், விட்டம், வெளியேறும் வாயுவின் வெப்பம், வேகம், நொடிக்கு எத்தனை கிராம் மாசு என்ற விவரங்களையும், மணிக்கு மணி பதிவான காற்றின் திசை, வேகம் முதலியவற்றையும் அதற்குக் கொடுக்கிறார்கள். தரையில் சில நூறு மீட்டருக்கு ஒன்றாகக் குறித்த புள்ளிகள் ஒவ்வொன்றிலும் கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் மாசு சேரும் என்று அது கணக்கிடுகிறது. விடையாக வருவது படமல்ல, நீளமான எண் பட்டியல். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் மனிதத் தேர்வு. 24 மணி நேரச் சராசரியைக் காட்டுவதா, ஆண்டுச் சராசரியையா? சிவப்பு எந்த எண்ணில் தொடங்க வேண்டும்? புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை எப்படி நிரப்புவது? இவற்றில் ஒவ்வொன்றும் படத்தை மாற்றும், பார்ப்பவரின் மனத்தையும் மாற்றும்.

நிற அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். ஓர் ஆலையால் கூடுதலாக வரும் கந்தக டை ஆக்சைடின் உச்ச அளவு 8 மைக்ரோகிராம் என்று மாதிரி சொல்வதாக வைத்துக்கொள்வோம். இந்தியாவில் 24 மணி நேர வரம்பு 80 மைக்ரோகிராம். சிவப்பை 80-இல் தொடங்கினால் வரைபடம் முழுக்க நீலமாகிவிடும். ஆலைக்காரர் அதைக் காட்டி ஒன்றுமே நேராது என்பார். சிவப்பை 8-இல் முடித்தால் ஊருக்கு நடுவே இரத்தக் கறைபோல் ஒரு திட்டு தோன்றும். எதிர்ப்பாளர் அதைக் காட்டி எல்லாம் போயிற்று என்பார். இருவரும் ஒரே எண்ணைத்தான் வரைந்திருக்கிறார்கள், இருவரும் பொய் சொல்லவில்லை. மென்பொருளிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டால், அந்தப் படத்தில் உள்ள மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் நடுவே வண்ணங்களைத் தானாகவே பங்கிட்டுவிடும். அப்படி வரைந்த இரண்டு ஆலைகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றின் சிவப்பு இன்னொன்றின் பச்சையைவிடக் குறைந்த மாசாகக்கூட இருக்கலாம். படத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரிய வழியே இல்லை.

வானவில் நிறவரிசைக்கு இன்னொரு குறையும் உண்டு. நம் கண்ணுக்கு மஞ்சள்தான் பளிச்சென்று தெரியும். சிவப்பும் நீலமும் இருண்டு தெரியும். அதனால் எண்கள் சீராக ஏறும் இடத்திலும் நிறம் மாறும் விளிம்புகள் இல்லாத எல்லைகளை உண்டாக்கிவிடுகின்றன. 2007-இல் டேவிட் போர்லண்டும் ரஸ்ஸல் டெய்லரும் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னது. மாட்லாப் மென்பொருள் 2014-இல் தன் இயல்பு நிறவரிசையை மாற்றியது. பைத்தான் பயனர்களின் மாட்பிளாட்லிப் 2017-இல் விரிடிஸ் என்ற சீரான நிறவரிசைக்கு வந்தது. நம் அறிக்கைகளில் வானவில் இன்னும் குடியிருக்கிறது. அறிக்கையை ஊராட்சி அலுவலகத்திலிருந்து கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மிக அதிக மாசைக் குறிக்கும் சிவப்பும் மிகக் குறைந்த மாசைக் குறிக்கும் நீலமும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண்கொண்டோர் வண்ணப் படத்திலேயே அந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

நிறத்தின் எல்லையை எங்கே வைப்பது என்பது அழகியல் கேள்வி அல்ல, கொள்கைக் கேள்வி. நாடுகளின் காற்றுத் தரக் குறியீடுகளே இதற்குச் சான்று. ஓர் ஊரில் ஒரு நாள் சராசரியாக பிஎம் 2.5 நுண்துகள் கன மீட்டருக்கு 58 மைக்ரோகிராம் இருந்தது என்று கொள்வோம். இந்தியக் குறியீட்டில் 31 முதல் 60 வரை ‘திருப்திகரம்’, நிறம் இளம்பச்சை. அமெரிக்கக் குறியீட்டில் 55.5-ஐத் தாண்டினாலே அனைவருக்கும் உடல்நலக் கேடு, நிறம் சிவப்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த 24 மணி நேர அளவு வெறும் 15. காற்று அதே காற்று, நுரையீரலும் அதே நுரையீரல். இந்தியக் குறியீட்டை வகுத்தவர்கள் நம் நாட்டின் வரம்பையும் நிலைமையையும் கருதி அப்படி வகுத்தார்கள் என்று சொல்லலாம். அது விவாதிக்கத் தக்க நிலைப்பாடு. ஆனால் கைபேசியில் பச்சையைப் பார்த்துவிட்டுக் குழந்தையை விளையாட அனுப்பும் தாய்க்கு அந்த விவாதம் நடந்ததே தெரியாது. எண் பக்கத்தில் இருந்தால்தான் நிறத்தை அவர் கேள்வி கேட்க முடியும்.

நிறத்தைவிட நுட்பமான ஏமாற்றம் வழுவழுப்பு. ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் வளிமண்டலச் சேவை உலகம் முழுவதற்குமான காற்று மாசு முன்கணிப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. பலர் கைபேசியில் பார்க்கும் காற்று வரைபடங்களுக்கு இதுவும் ஒரு மூலம். அதன் உலக மாதிரியில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர், அதாவது பரப்பளவு 1,600 சதுர கிலோமீட்டர். பெருநகர சென்னை மாநகராட்சி முழுவதும் 426 சதுர கிலோமீட்டர்தான். ஆக மணலிக்கும் சோழிங்கநல்லூருக்கும் சேர்த்து மாதிரியிடம் இருப்பது ஒன்றிரண்டு எண்கள். திரையிலோ நிறம் தெருவுக்குத் தெரு மெல்ல மெல்ல மாறுவதுபோல் தெரிகிறது. ஒரு கட்டத்தின் எண்ணையும் அடுத்த கட்டத்தின் எண்ணையும் எடுத்து, நடுவில் உள்ளதை மென்பொருள் தானே இட்டு நிரப்பியிருக்கிறது. இதே தரவைக் கட்டம் கட்டமாக, வழுவழுப்பில்லாமல் காட்டினால் படம் அழகாக இராது. ஆனால் மாதிரிக்கு எவ்வளவு தெரியும் என்பது பார்த்த உடனே புலப்படும். அமெரிக்க முகமைக்காக உருவாக்கப்பட்ட வெர்டி என்ற இலவச மென்பொருள் காற்று மாதிரியின் விளைவுகளைக் கட்டங்களாக வரையக்கூடியது. இரண்டு கணிப்புகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து வேறுபாட்டை மட்டும் காட்டவும் அதில் வழி உண்டு. காட்சிப்படுத்தும் மென்பொருளின் உண்மையான பயன் எனக்கு இங்கேதான் தெரிகிறது: பார்ப்பவர் கேட்கும் கேள்விக்கு ஏற்ப அதே எண்களைத் திரும்பத் திரும்ப வரைந்து பார்க்க அது இடம் தருகிறது. அச்சிட்ட ஒற்றைப் படம் கேள்வியை அங்கேயே நிறுத்திவிடுகிறது.

மாதிரிக்கு என்ன தெரியாது என்பதைப் பற்றி அதை உருவாக்கியவர்கள் மறைப்பதில்லை. ஏதோ ஒரு நேரத்தில், ஏதோ ஓர் இடத்தில் ஏற்படக்கூடிய உச்ச அளவை மாதிரிகள் ஓரளவு நம்பிக்கையோடு கணிக்கும், அதிலும் 10 முதல் 40 விழுக்காடு வரை பிழை இயல்பு என்று அமெரிக்க முகமையின் வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் எவ்வளவு என்ற கணிப்போ அளந்த மதிப்போடு சரிவரப் பொருந்துவதில்லை என்பதையும் அதுவே சொல்கிறது. இதைக் கருத்துக்கேட்புக் கூட்டத்து வரைபடத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மாதிரி உறுதியாகச் சொல்லக்கூடியது உச்ச அளவை. உறுதியில்லாமல் சொல்வது அது விழும் இடத்தை. வரைபடம் உரக்கச் சொல்வதோ இடத்தைத்தான். ‘உங்கள் குப்பம் பச்சையில் இருக்கிறது’ என்ற செய்தி மாதிரியின் ஆகப் பலவீனமான பகுதியில் நிற்கிறது.

கடலோரத்தில் இது இன்னும் சிக்கல். ஏர்மாட் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆய்வுப் பரப்பு முழுவதும் ஒரே காற்று வீசுவதாகக் கொள்கிறது. எண்ணூரில் நண்பகலில் கடற்காற்று உள்ளே வரும்போது நிலைமை வேறு. கடல்மேல் குளிர்ந்து அமைதியாக வரும் காற்றில் உயரமான புகைபோக்கியின் புகை கலையாமல் நெடுந்தூரம் போகும். சூடான நிலத்தின்மேல் கொந்தளிக்கும் காற்றடுக்கு உள்நாட்டுப் பக்கம் போகப் போக உயர்ந்துகொண்டே சென்று அந்தப் புகையைத் தொடும்போது, புகை மொத்தமாகத் தரைக்கு இறங்கிவிடும். பரப்பு முழுவதும் ஒரே காற்று என்று கொள்ளும் கணக்கில் இந்த நிகழ்வுக்கு இடமில்லை. அதேபோல் காற்றே அசையாத மணி நேரங்களை ஏர்மாட் கணக்கிடுவதில்லை; அவற்றை விட்டுவிட்டு மற்ற மணி நேரங்களை வைத்துச் சராசரி காண்கிறது. மார்கழி விடியலில் புகை தரையோடு தேங்கி நிற்கும் அந்த நேரங்கள்தான் மூச்சுத் திணறும் நேரங்கள். ஓர் அறிக்கையில் இப்படி எத்தனை மணி நேரம் விடுபட்டது என்பது மாதிரியின் வெளியீட்டுக் கோப்பில் பதிவாகியிருக்கும். படத்தில் இராது.

எண்ணூர் வட்டாரம் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்று நிலைகள் 630, 1,200, 800 மெகாவாட் திறன் கொண்டவை. பக்கத்தில் வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட். தெற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதையொட்டிய தொழிற்சாலைகளும். புதிய ஆலை ஒன்றுக்கான வரைபடம் பெரும்பாலும் அந்த ஆலை கூடுதலாகச் சேர்க்கும் மாசை மட்டுமே காட்டுகிறது. ஏற்கெனவே உள்ள மாசு, ஒரு பருவத்தில் சில இடங்களில் அளந்த எண்ணாக அட்டவணையில் தனியே நிற்கும். அனுமதி பெற்றும் இன்னும் ஓடத் தொடங்காத ஆலையின் புகை அந்த அளவீட்டில் இருக்க வழியில்லை. காட்டுக்குப்பத்தில் உள்ளவர் மூச்சில் இழுப்பது எல்லாவற்றின் கூட்டுத்தொகையையும்தான். வேதிமாற்றத்தைக் கணக்கில் எடுக்காத இவ்வகை மாதிரிகளில் ஒரு வசதி உண்டு: ஒவ்வோர் ஆலையின் பங்கையும் அப்படியே கூட்டிவிடலாம். எல்லா ஆலைகளின் உள்ளீட்டுக் கோப்புகளும் பொதுவில் இருந்தால், அத்தனை புகைபோக்கிகளையும் ஒரே கோப்பில் சேர்த்து ஓட்டி, ஒட்டுமொத்த வரைபடத்தை ஒரு பொறியியல் மாணவரால்கூட உருவாக்க முடியும். கந்தக டை ஆக்சைடு காற்றில் சல்பேட் நுண்துகளாக மாறுவதை இப்படிக் கூட்டிப் பிடிக்க முடியாது. அதற்கு வேதிவினைகளையும் கணக்கிடும் பெரிய மாதிரிகள் வேண்டும். என்றாலும் கூட்டவே வழியில்லாத ஐந்து தனித்தனிப் படங்களைவிடக் கூட்டக்கூடிய ஐந்து கோப்புகள் எவ்வளவோ மேல்.

‘பாமர மக்கள் இந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?’ என்பது முதலில் வரும் மறுப்பு. நிலத் தகராறில் இதே கேள்வியை யாரும் கேட்பதில்லை. புலப்படத்தில் ஒவ்வொரு எல்லைக்கோட்டுக்கும் மீட்டர் கணக்கு எழுதியிருக்கிறது. உழவர் எல்லோருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் தெரிந்த ஒருவரை அழைத்து வந்து சங்கிலி பிடித்துச் சரிபார்க்க முடியும் என்பதாலேயே அதற்கு மதிப்பு. அளவில்லாமல் வண்ணம் மட்டும் தீட்டிய புலப்படத்தை எந்த நீதிமன்றமும் ஏற்காது. காற்றுக்கும் அந்த மரியாதை வேண்டும். மீனவர் சங்கம் ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் கோப்பைக் கொடுக்கலாம். செய்தியாளர் ஒருவர் இரண்டு அறிக்கைகளை ஒப்பிடலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறியாளரே, அறிக்கையைத் தயாரித்த ஆலோசகரின் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். சரிபார்க்கத் தெரிந்தவர்கள் நாட்டில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் கைக்குச் சரக்கு போய்ச் சேரவில்லை.

கூடவே எழும் அச்சம், எண்களைத் திறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் பயமுறுத்தும் படங்களை வரைந்து பரப்புவார்கள் என்பது. இது உண்மையான அச்சம். மேலே சொன்ன இரத்தக் கறைப் படம் அப்படிப்பட்டதுதான். ஆனால் எண்கள் மூடியிருக்கும் இன்றும் வதந்திப் படங்கள் பரவத்தான் செய்கின்றன, அவற்றை மறுக்க யாரிடமும் ஆதாரமில்லை என்பதே வேறுபாடு. திறந்த கோப்பை வைத்துத் தவறாக வரைந்தால், அதே கோப்பை வைத்து அன்றைக்கே இன்னொருவர் அதைத் திருத்த முடியும். ஆலை நிர்வாகம் தன் கணக்கில் நம்பிக்கை வைத்திருந்தால் இதனால் அதற்கு நன்மைதான்.

தொழில் ரகசியம் என்ற வாதம் நிற்காது. புகைபோக்கியின் உயரம், வாயுவின் வேகம், மாசின் அளவு எல்லாம் ஏற்கெனவே அறிக்கையின் அட்டவணைகளில் அச்சாகின்றன; அதே விவரம் கணினி படிக்கும் வடிவில் வந்தால் ரகசியம் ஏதும் கசிந்துவிடாது. செலவு என்பதும் சாக்கு. ஏர்மாடின் உள்ளீடு சாதாரண எழுத்துக் கோப்பு. ஆலோசகர்கள் விலை கொடுத்து வாங்கிய முகப்பு மென்பொருளில் வேலை செய்தாலும் கடைசியில் ஓடுவது அமெரிக்க முகமை இலவசமாகத் தரும் அதே நிரல்தான். கோப்புகள் ஆலோசகரின் கணினியில் இருக்கின்றன, புதிதாக எதையும் தயாரிக்க வேண்டியதில்லை. வரைந்து பார்க்க கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருள்கள் போதும்.

இவற்றைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. மாதிரியிலேயே இவ்வளவு பிழை இருக்கும்போது, அதன் எண்களைத் திறந்து வைப்பதில் என்ன பயன், உண்மையான அளவீட்டுக் கருவிகளைக் கூட்டுவதற்கு அல்லவா போராட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அளவீட்டு நிலையங்கள் கூட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கட்டாத ஆலையின் புகையை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. அனுமதி கொடுக்கலாமா என்ற முடிவு எப்போதும் கணிப்பின்மேல்தான் எடுக்கப்படும். கணிப்பு பிழையுள்ளது என்பதால்தான் அதை மூடி வைக்கக் கூடாது. ஆலை ஓடத் தொடங்கிய பிறகு, கணித்த எண்ணையும் அளந்த எண்ணையும் ஒரே வரைபடத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்த மாதிரி எந்த நிலப்பரப்பில் எவ்வளவு தவறுகிறது என்பதை நாம் கற்றுக்கொள்ளலாம். கணித்த எண்கள் படமாக உறைந்து கிடந்தால் இந்தப் பாடம் யாருக்கும் கிடைக்காது.

படங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூட்டத்துக்கு வருபவருக்குப் படம்தான் முதல் வாசல். அந்தப் படத்துக்குச் சில விதிகள் இருக்கட்டும். மாநிலம் முழுவதும் ஒரே நிற அளவுகோல்; வரம்பு எங்கே இருக்கிறது என்பது அதில் குறிக்கப்பட வேண்டும். கறுப்பு வெள்ளை நகலிலும் படிக்கக்கூடிய நிறவரிசை வேண்டும். ஆலையின் பங்கு தனியாகவும் ஏற்கெனவே உள்ள மாசோடு சேர்த்தும் இரண்டு படங்கள் வேண்டும். ஊர்ப் பெயர்களும் விளக்கமும் தமிழில் இருக்க வேண்டும். 2020-இல் புதிய தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தன் வாழ்வைத் தொடும் ஆவணத்தைத் தன் மொழியில் படிப்பது மக்களின் உரிமை என்ற எண்ணம் நாட்டுக்குப் புதியதல்ல.

இதற்கெல்லாம் நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஆய்வு வரையறைகளைப் பரிந்துரைப்பது மதிப்பீட்டுக் குழுக்கள். மாதிரியின் உள்ளீடு, வானிலைத் தரவு, புள்ளிவாரியான வெளியீடு ஆகிய கோப்புகளை வரைவு அறிக்கையோடு இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று அந்த வரையறைகளில் ஒரு வரி சேர்த்தால், அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்திலேயே இது நடைமுறைக்கு வந்துவிடும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எண்ணூர், மணலி வட்டாரத்தில் ஏற்கெனவே அனுமதி பெற்ற ஆலைகளிடம் அவர்களுடைய கோப்புகளைக் கேட்டு வாங்கி, அத்தனையையும் ஒரே கணக்கில் ஓட்டி, எண்ணோடும் படத்தோடும் வெளியிடுவதில் தொடங்கலாம்.